பலகைத் தரையும் அதன் வண்ணமும்

தமிழர் வாழ்ந்த வீடுகளிற் பலகைத் தரை பழைய வழக்கமன்று. மண்ணை இடித்து இறுக்கிச் சாணத்தால் மெழுகுவதே ஈழத்துக் கிராமங்களில் நெடுங்காலம் நிலவிய முறை. மரம் கிட்டாமையால் வந்த வழக்கமன்று அது. கறையானை அறிந்தோர் கண்ட வழி. ஈரமண்ணைத் தொட்டுக் கிடக்கும் பலகையைக் கறையான் விட்டுவைப்பதில்லை. ஆதலின் மரம் கூரைக்கும் தூணுக்கும் கதவுக்கும் பயன்பட்டது. காலடியில் அது இடம்பெற்றது பெரும்பாலும் மாடிகளிலேதான்.

கொழும்பிலே இதனைக் கண்ணாற் காண விரும்புவோருக்கு இரண்டு கட்டடங்கள் போதும். கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள வுல்பெண்டால் தேவாலயம் ஒன்று. ஒல்லாந்தர் 1749 இல் அடிக்கல் நாட்டி, 1757 இல் வழிபாட்டுக்கு அர்ப்பணித்த கோயில் அது. கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்தினின்றும் 1813 இற் கொண்டுவரப்பட்ட கல்லறைக் கற்கள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. மற்றையது, புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலுள்ள மாளிகை. 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாயிருந்த தோமஸ் வான் ரே வாழ்ந்த அந்த இல்லம், 1982 முதல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாக விளங்குகிறது. அதன் மேல்மாடியில் நடப்போர் பலகையின் மீது நடக்கின்றனர். நிலத்தையொட்டிக் கல், அதற்கு மேலே மரம் என்பதே அக்காலத்தாரின் கணக்கு.

அத்தகைய மாடிகளுக்கு ஏற்ற மரம் இந்நாட்டிற் குறைவின்றி இருந்தது. யாழ்ப்பாணத்துப் பனை உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் பேர்பெற்றது; ஒல்லாந்தர் காலத்தில் அது கடல்கடந்தும் விலைபோயிற்று. உலர் வலயக் காடுகள் பாலையையும் முதிரையையும் தந்தன. வீட்டுத் தோட்டங்கள் பலாவைத் தந்தன. முதிரைக்குப் பொன்னிறம் இயற்கையிலேயே உண்டு. பலா, மஞ்சளாய்த் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கபில நிறம் பெறும். இம்மரங்களுக்குச் சாயம் எதற்கு? எண்ணெயும் தேன்மெழுகும் போதுமானவை.

சாயம் தேவைப்பட்டது குளிர்நாட்டாருக்கு. 1666 இல் இலண்டன் மாநகரம் தீக்கிரையான பின்னர், அதனை மீளக் கட்டுவதற்கு நோர்வேயிலிருந்தும் போல்டிக் கடற்கரைகளிலிருந்தும் பைன், ஸ்புரூஸ் ஆகிய மென்மரங்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அவை வெளிறிய மரங்கள், எளிதில் வடுப்படுவன. விக்டோரியா மகாராணியார் காலத்து இல்லத்தவர், நடுவிலே கம்பளம் விரித்து, அது மூடாத ஓரங்களுக்கு மட்டும் கருங்கபிலச் சாயம் ஏற்றினர். வாங்க இயலாத உயர்ந்த மரத்தின் தோற்றத்தை உள்ள மரத்திற் கண்டு மகிழ்ந்தமையே அதன் உட்பொருள்.

அந்நிலை நம் நாட்டுக்கும் வந்தது. கலமாண்டர் என ஐரோப்பியர் போற்றிய வரிமரம், அந்நியர் ஆட்சியில் தளபாடங்களுக்காக அளவின்றி வெட்டப்பட்டது. குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனென்ட், 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை நூலிலேயே அம்மரத்தின் அருமையைக் குறித்துள்ளார். தேயிலைக்காகவும் கோப்பிக்காகவும் மலைக்காடுகள் அழிந்தன. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெறுமையான மலைச்சரிவுகளிலே பைன் நடப்பட்டது. குளிர்நாட்டு மென்மரமும் இறக்குமதியாகி வருகிறது. சிவப்புச் சீமெந்துத் தரையைப் பொலிஷ் இட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்துப் பழகிய வெள்ளவத்தை இல்லத்தார், மாடியறைக்குப் பைன் பலகை பதித்தால், முன்னோர் அறியாத ஒரு கலையைப் பயிலவேண்டியவராகின்றனர்.

அக்கலையின் அடிப்படை மரத்தின் உடலமைப்பிலே உள்ளது. பைன் மரத்தின் ஆண்டு வளையங்களில், வேகமாக வளர்ந்த வெளிறிய பகுதி சாயத்தை மிகுதியாக உறிஞ்சும். இறுகிய கரும்பகுதி அதனை ஏற்க மறுக்கும். ஆகவே நேரே பூசிய சாயம் திட்டுத்திட்டாகத் தோன்றும். முதலில் அரத்தாளால் மரத்தின் இழையோட்டத்தைத் தொடர்ந்து தேய்த்து, தூசியைத் துடைக்கவேண்டும். அடுத்து நீர்த்த அரக்குக் கரைசலை மெல்லப் பூசி உலரவிட்டால், உறிஞ்சும் தன்மை சமப்படும். பின்னர் ஒரு மூலையிலே சோதித்துப் பார்த்துச் சாயத்தைத் துணியாற் பூசி, மிகுதியை உடனே துடைத்துவிடல் வேண்டும்.

சாயம் காவலன்று, அதன்மேல் இடும் பூச்சே காவல். பாண்டவர் கதையிலே மாளிகையாய் அறியப்பட்ட அரக்கு, மாத்தளைப் பக்கத்து ஹப்புவிதக் கைவினைஞரின் விரலிலே கலையாயிற்று. சாராவியிற் கரைந்து மேசைகளுக்கு மெருகாயிற்று. ஆனால் நீர் தேங்கினால் அரக்கு வெளுக்கும். நடமாட்டமுள்ள தரைக்கு வார்னிசோ பொலியூரத்தேனோ ஏற்றது. கடலோர ஈரக்காற்றிலே பூச்சு தாமதித்தே உலரும். ஒரு பூச்சு முற்றாகக் காய்ந்த பின்னரே அடுத்தது இடத்தக்கது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் ஆபத்து. அது காற்றோடு கலந்து தானே சூடேறித் தீப்பற்றக் கூடும், விரித்து உலர்த்தவேண்டும்.

எந்தச் சாயமும் பைனை முதிரையாக்காது. கறையானும் நிறத்தைக் கண்டு ஏமாறுவதில்லை. பலகைக்குத் தனியே மருந்து ஏற்றுதலும், ஈரம் அணுகாது காத்தலும் இன்றியமையாதன. எனினும் மென்மரத்தைத் தாழ்வாக எண்ணுதல் தகாது. நட்டு வளர்த்த மரத்தின் பலகையைப் பேணி ஐம்பதாண்டு உழைக்கச் செய்பவர், காட்டிலே நிற்கும் ஒரு முதிரையை வாழவிடுகிறார். பிரின்ஸ் வீதி மாளிகையின் பழம்பலகைகளைப் போல்வன இனி எளிதிற் கிடையா. இருப்பனவற்றைக் காத்தலும், புதியனவற்றைப் பொறுமையோடு பேணுதலும் இக்காலத்தவர் கடன்.