பழைய புகைப்படத்தில் பெயர் யாருக்கு?



வரலாற்றுப் பாடத்தில் பழைய தோட்டப் படம் ஒன்று வந்தால், "அந்தக் காலத்துல இப்படித்தான் இருந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் புகைப்படமும் ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்ன கூற்றுதான். சொன்னவர் யார் என்று கேட்க வேண்டும்.

1857 கிளர்ச்சிக்குப் பின், தான் ஆளும் மக்களை வகைப்படுத்தி அறிய விரும்பியது ஆங்கில அரசு. 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற நூல் 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. அதில் 400-க்கும் மேற்பட்ட படங்கள். பல படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை. சாதியின், இனத்தின் பெயர்தான் இருக்கிறது. மனிதர் அங்கே ஒரு 'மாதிரி' ஆகிவிடுகிறார்.

மலாயாவிலும் இதே கதைதான். 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் இங்குள்ள மக்களின் படங்களை ஐரோப்பியர்களுக்கு விற்றது. அக்கால அஞ்சலட்டைகளில் நம்மவர்களுக்குக் கிடைத்த பெயர் 'தமிழர்' அல்லது 'கிளிங்'. 1908-இல் ஆர்னால்டு ரைட் தொகுத்த பிரிட்டிஷ் மலாயா நூலின் தலைப்பைப் பாருங்கள்: வரலாறு, மக்கள், வணிகம், தொழில்கள், வளங்கள். வளங்களோடு மக்களும் ஒரே பட்டியலில்! அதில் துரைமார் பெயரோடு வருகிறார்கள். பால்மரம் வெட்டியவர்கள் கூட்டமாக வருகிறார்கள்.

படத்தில் வராததையும் கவனியுங்கள். மலேரியா, கடன், கங்காணியின் பிடி எதுவும் அதில் தெரியாது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல்தான் ஒழிந்தது.

அதற்காக இப்படங்களைத் தூக்கி எறிய வேண்டாம். உடை, நகை, கருவிகளுக்கு அவை நல்ல சான்று. தேர்வில் படம் வந்தால் நான்கு கேள்விகள் போதும்: எடுத்தவர் யார்? வாங்கியவர் யார்? யாருக்குப் பெயர் இருக்கிறது? எது விடுபட்டுள்ளது? இந்த நான்குக்கும் விடை எழுதினால், அது வெறும் வருணனையாக இல்லாமல் மதிப்பீடாக இருக்கும்.

இன்று கேமரா நம் கையில். செமினி வட்டாரத்தில் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களைக் கேட்காமலே கைப்பேசியில் படமெடுத்து, கீழே 'வங்காளி' என்று மட்டும் எழுதிப் பகிர்ந்தால், நாம் நிற்பது எந்தப் பக்கம்? வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பாட்டி தாத்தாவின் பழைய படம் ஒன்றைக் கொண்டுவரட்டும். அதில் இருப்பவர்களின் பெயர்களை வீட்டில் கேட்டு, பின்புறத்தில் எழுதட்டும்.