தாம்பரத்துக்கு வந்த மாநாட்டாளர்கள்

உலகெங்குமுள்ள கிறித்தவ ஊழியர் அமைப்புகளின் கூட்டவையான பன்னாட்டு மிஷனரிக் கழகம் 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரத்தில் மாநாடு கூட்டியபோது, ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேல் அங்கே வந்து தங்கினர். சீனாவின் ஹாங்சௌவில் நடப்பதாக இருந்த அம்மாநாடு, ஜப்பானியப் படையெடுப்பால் இடம் மாறித்தான் சென்னைக்கு வந்தது. அத்தனை பேரையும் ஒருங்கே ஏற்கத் தாம்பரத்தால் இயன்றதற்குக் காரணம், ஜார்ஜ் டவுனின் நெரிசலில் நூறாண்டு இயங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல்தான் சேலையூர்க் காட்டின் விரிந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது என்பதே. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான மின்ரயில் 1931 முதலே ஓடிக்கொண்டிருந்ததால் நகரமும் எட்டாத் தொலைவில் இல்லை.

வந்தவர்கள் காண விரும்பியவற்றுள் கட்டடங்களைவிட ஒரு மனிதரே முதன்மை பெற்றார் எனலாம். மாநாட்டுத் தலைவர் ஜான் மோட், தாம்பரம் வரும் வழியில், காந்தியடிகள் வாழ்ந்த சேகாவ் சென்று அவரிடம் உரையாடினார். ஜப்பானியப் பேராளர் டொயோஹிகோ ககாவா, மாநாடு முடிந்தபின் 1939 ஜனவரியில் காந்தியடிகளைச் சந்தித்தார். கல்லூரி வளாகமோ, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் பலவகை மரங்களை நட்டு வளர்த்ததன் பயனாக, பிற்காலத்தில் தானே ஒரு காட்சித்தலமாயிற்று.

நகரத்துக்குள் இடம் போதாதவை தெற்கே வந்து, பின்னர் நகரத்தாரையே தம்மிடம் வரவழைத்த கதை இத்துடன் முடியவில்லை. 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, பின்னர் சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் இருந்த விலங்குக் காட்சிசாலை, 1985-இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு: ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் சேலையூரில் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972-இல் கிண்டிக்கு மாறிய பிறகே பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அவரே 1976-இல் மாமல்லபுரத்துக்கு வடக்கே முதலைப் பண்ணையையும் நிறுவினார்.

மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம், கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுத் தம் ஓவியப் பணிக்குப் பொருள் தேடிக்கொண்ட கூட்டுக் குடியிருப்பாகும். தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பிக் காட்டும் தட்சிணசித்ரா 1996-இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்டது. தாம்பரத்தை அடுத்து 1995-இல் வந்த கிஷ்கிந்தா போன்ற கேளிக்கைப் பூங்காக்கள் குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் மகிழ்வித்தனவேயன்றி, அயலூர் அறிஞரைப் பெரிதும் கவர்ந்தவை அல்ல.

இன்று மாநாடுகள் கூடும் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையம் 2001-இல் திறக்கப்பட்டது. அங்கு வருவோர் பெரும்பாலும் காரிலேறி மாமல்லபுரம் விரைகின்றனர். ஆனால் அருகிலேயே நிற்கும் பரங்கிமலை அதைவிடக் குறைந்த நேரத்தில் மிகுதியாகக் காட்டக்கூடியது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726-இல் பாலம் கட்டுவித்த ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான், யாத்திரிகர் ஏறுவதற்கென இம்மலையில் படிக்கட்டும் அமைத்தார். உச்சியிலுள்ள போர்த்துக்கீசியத் தேவாலயத்தில், பஹ்லவி எனப்படும் இடைக்காலப் பாரசீக எழுத்து சுற்றிலும் பொறிக்கப்பட்ட கற்சிலுவை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட அது, போர்த்துக்கீசியருக்கு முன்பே இக்கரையில் கிறித்தவர் வாழ்ந்ததற்குச் சான்று. மலையின் பாறையும் புகழ் பெற்றதே. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல்லாக உள்ள பாறைவகைக்கு, அவர் பெயரால் சார்னோக்கைட் என்று நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் பெயரிட்டார். அவ்வகையின் மூலமாதிரி இடமாகப் நிலவியலாளர் கொள்வது இம்மலையைத்தான். வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் ஒருசேரப் பொருந்தும் இவ்விடம், மாநாட்டுக்கு வருவோருக்கு அச்சிட்டுத் தரும் சுற்றுலாப் பட்டியல்களில் மாமல்லபுரத்துக்கு முன்பாகவே இடம்பெறத் தக்கது.