பேட்டரி லைட் எரிஞ்சா பேட்டரியை மட்டும் பார்க்காதீங்க... பழைய கார்ல ஃபேன் பெல்ட் மாத்துவது எப்படி?

வில்லியனூர், பாகூர் பக்கம் எந்த ஊருக்குள்ள போனாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசல்ல ஒரு மாருதி 800 தார்ப்பாய் போர்த்தி நிற்கும். இல்லைன்னா ஆம்னி. அப்பா வாங்கினது, மாமா கொடுத்துட்டுப் போனது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற கார். ஆம்னி 2019 வரை வந்துகொண்டிருந்தது. கோயில், கல்யாணம், நடுராத்திரியில யாருக்காவது முடியலைன்னா ஜிப்மர்... மாசத்துக்கு நாலு தடவை எடுத்தாலே அதிகம்.

இப்படி நிற்கிற வண்டியிலதான் ஃபேன் பெல்ட் என்கிற ரப்பர் பட்டை கண்ணுக்குத் தெரியாம கெட்டுக்கிட்டிருக்கும். "வண்டிதான் ஓடவே இல்லையே, பெல்ட் எப்படித் தேயும்?"னு கேட்பீங்க. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை. வெயில், இன்ஜின் சூடு, வயசு எல்லாமே அதை இறுக வைக்கும், வெடிக்க வைக்கும். பல மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு மூணு, நாலு வருஷம். புது பெல்ட் சில நூறு ரூபாய்தான். அறுந்துபோனா வரும் செலவு ஆயிரங்களில்.

பேர் ஃபேன் பெல்ட்... ஆனா ஃபேனைச் சுத்தாது!

அம்பாசடர் காலத்தில் இந்த பெல்ட்தான் ரேடியேட்டர் ஃபேனையும் சுற்றியது. பெயர் அப்படி வந்ததுதான். மாருதி 800-ல் ஃபேன் கரன்ட்டில் ஓடும். பெல்ட் சுற்றுவது ரெண்டு பொருளை. ஒண்ணு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். இன்னொண்ணு, இன்ஜினுக்குள் தண்ணியைச் சுழலவிடும் வாட்டர் பம்ப்.

சிக்கல் இங்கேதான். ஓடிக்கிட்டிருக்கும்போது பெல்ட் அறுந்தா இன்ஜின் உடனே நிற்காது. பேட்டரியில் இருக்கும் கரன்ட்டை வெச்சு ஓடும். டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியும். "பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு பலரும் ஓட்டிடுவாங்க. ஃபேன் சுத்துற சத்தமும் கேட்கலாம், அதனால கூலிங் வேலை செய்யுதுன்னே தோணும். ஆனா உள்ளே தண்ணி நகராம ஒரே இடத்தில் கொதிச்சிக்கிட்டிருக்கும். கொஞ்ச தூரத்திலேயே டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். அதையும் தாண்டி ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட்டே வளைஞ்சுபோகும். அப்புறம் இன்ஜினைப் பிரிச்சு, ஹெட்டை லேத்துக்கு அனுப்பணும்.

அதனால ஓடும்போது சிவப்பு பேட்டரி லைட் எரிஞ்சா ஓரம்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. பாகூரிலிருந்து ஜிப்மருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்திக்கிட்டுப் போகும்போது அறுந்தா, அந்தக் காரை நம்பாதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க, இல்லைன்னா வேற வண்டி பிடிங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிதண்ணி முகத்தில் அடிக்கும்.

அறுவதற்கு முன்னாடியே சொல்லிடும்

காலையில் ஸ்டார்ட் பண்ணதும் 'கீச்ச்ச்'னு கத்தும். ஹெட்லைட் போட்டா, ஏ.சி போட்டா இன்னும் கத்தும். லூஸான பெல்ட் புல்லியில் வழுக்கும் சத்தம் அது. சிலர் சோப்பு தேய்ப்பாங்க, சிலர் ஸ்ப்ரே அடிப்பாங்க. ரெண்டும் வேண்டாம். சத்தம் நிற்கும், பிரச்னை நிற்காது.

அதுக்குப் பதிலா, தள்ளி நின்னு, ஓடுற பெல்ட் மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. சத்தம் அதிகமானா பெல்ட் லூஸ். சட்டுனு நின்னு மறுபடி வந்தா புல்லிகள் நேர்கோட்டில் இல்லைன்னு அர்த்தம். சட்டை, துப்பட்டா, கை எதுவும் கிட்ட போகக் கூடாது.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெல்ட்டைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. குறுக்கே வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரியறது, கண்ணாடி மாதிரி பளபளப்பு... எது இருந்தாலும் மாத்திடுங்க. இந்த பெல்ட்டை 'வி' பெல்ட்னு சொல்லக் காரணம் அதோட வடிவம். புல்லியின் பள்ளத்தில் ரெண்டு பக்கச் சுவரையும் கவ்வித்தான் அது சுற்றும். அடியைத் தொடக் கூடாது. தேஞ்சு தேஞ்சு அடியில் உட்கார்ந்துட்டா, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

ஒரு விஷயம். புது ரக பெல்ட்டுகள் பட்டையா, உள்ளே வரிவரியா இருக்கும். அதில் வெடிப்பே தெரியாம ரப்பர் மட்டும் தேயும். வெடிப்பு இல்லைங்கறதுக்காக நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு எதிரி, மழைத்தண்ணி. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்க ஊர்களுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதிரித் தண்ணியில் ஓட்டின வண்டியோட புல்லிப் பள்ளத்தில் மணலும் சேறும் ஒட்டியிருக்கும். அது பெல்ட்டை உப்புக்காகிதம் மாதிரி அரைக்கும். வண்டி முழுகிடலைன்னாலும் ஒருதடவை கழுவிப் பாருங்க.

நீங்களே மாத்தலாமா?

ஏ.சி இல்லாத 800-ல் தாராளமா மாத்தலாம். இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். சாவியை எடுத்துட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்க. பழைய பெல்ட் இருக்கும் நிலையை போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், அதனால சீட்டைத் தூக்கணும்.

ஆல்டர்னேட்டரைப் பிடிச்சிருக்கும் போல்ட்டுகளை லூஸ் பண்ணுங்க, முழுசா கழற்ற வேண்டாம். பெரும்பாலும் 12-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். மேலே வளைவான பட்டையில் இருக்கறது அட்ஜஸ்ட் பண்ற போல்ட், கீழே இருப்பது ஆல்டர்னேட்டர் அசையும் கீல். ரெண்டும் லூஸானதும் ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் தள்ளினா பெல்ட் தொளதொளன்னு ஆகும், கையாலேயே கழற்றிடலாம். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீங்க, புல்லியின் ஓரம் நசுங்கினா புது பெல்ட்டைக் கிழிக்கும்.

இப்பவே மூணு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்க... தப்பு, ரெண்டை மட்டும். கீழே இருக்கும் கிராங்க் புல்லி இன்ஜினோடு சேர்ந்தது, அதை விட்டுடுங்க. வாட்டர் பம்ப் புல்லி ஆடினாலோ, கரகரன்னு சத்தம் வந்தாலோ, பக்கத்தில் தண்ணி கசிஞ்ச தடம் இருந்தாலோ பெல்ட்டோட வேலை முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தாலும் முதலில் கசிவை நிறுத்தணும்.

கடைக்குப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. முதுகில் இருக்கும் நம்பரும் அகலமும் ஒத்துப்போகணும். ரைஸ் மில், பம்ப்செட்டுக்கும் 'வி' பெல்ட்தான். அதுக்காக "அளவு கிட்டத்தட்ட சரியா இருக்கு"ன்னு அதை மாட்டாதீங்க.

புதுசை மூணு புல்லியிலும் மாட்டி, ஒரு கட்டையால் ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பிப் பிடிச்சு போல்ட்டை இறுக்குங்க. ரெண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் நல்லா அழுத்தினா 6 முதல் 9 மில்லிமீட்டர் உள்ளே போகணும். உங்க வண்டி மேனுவலில் வேற அளவு இருந்தா அதையே பின்பற்றுங்க. லூஸா இருந்தா வழுக்கும். ரொம்ப டைட்டா இருந்தா வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பேரிங்குகள் சீக்கிரம் போகும். நம்ம ஆளுங்க பெரும்பாலும் பண்றது ரெண்டாவது தப்பு! புது பெல்ட் கொஞ்சம் இளகும், ஒரு வாரம் ஓட்டினப்புறம் மறுபடி அழுத்திப் பாருங்க.

ஏ.சி இருந்தா அதோட பெல்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கும். இன்ஜின் பக்கவாட்டில் மூடிக்குள்ள இருக்கறது டைமிங் பெல்ட், அது வேற கதை. அதை மட்டும் வீட்டில் தொடாதீங்க. மெக்கானிக் "பெல்ட் மாத்திட்டேன்"னு சொன்னா, எந்த பெல்ட்னு கேட்டுக்குங்க.

கழற்றின பெல்ட் அறாம இருந்தா தூக்கிப்போடாதீங்க. மாத்தின தேதியை எழுதி, 12-ஆம் நம்பர் ஸ்பேனரோட டிக்கியில் போட்டு வைங்க. புதுசு நடுவழியில் போனா, இன்ஜின் ஆறினப்புறம் பழசை மாட்டி, தண்ணி அளவைப் பார்த்துட்டு, அடுத்த மெக்கானிக் கடை வரைக்கும் மெதுவா போயிடலாம்.