கப்பல் கட்டும் தொழிலின் வாழ்வும் தாழ்வும்

நம் சங்கத்துப் படிப்பகத்தில் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் உருவப்படம் மாட்டப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். 2025 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்படத்தின் கீழமர்ந்து நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்மோடு இரயில்வேயில் பணிபுரியும் நண்பரொருவர் வந்து, "அண்ணா, பையனுக்குக் கொச்சியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்டலாமா? நம் நாட்டில் இத்தொழில் நிலைக்குமா?" என்று வினவினார். சரக்குக் கணக்கு எழுதும் எழுத்தராகிய நமக்குக் கப்பலைப்பற்றி என்ன தெரியும்? கேட்டவரோ சேமநிதியில் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டியவர். ஆதலால் ஒரு வார அவகாசம் கேட்டுக்கொண்டு நூல்களைத் தேடிப் படித்தோம். அப்பொழுது படித்ததும் பின்னர் அறிந்ததுமே ஈண்டுத் தரப்படுகின்றன.

கொள்ளைநோய்க்குப் பின் கண்டோன்மெண்டின் நெருக்கடியைத் தணிக்க எழுந்த நம் பிரேசர் டவுனுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1906-ஆம் ஆண்டில். அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் தூத்துக்குடியில் வ. உ. சி. அவர்களின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 லட்சம் ரூபாய்; பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். முதலில் கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். ஆங்கிலேயர் நெருக்கவே கப்பல்காரர் பின்வாங்கினார். பிறகு 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்களை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கி வந்தார். அந்நிய நாட்டுத் துணியை வேண்டாமென்ற சுதேசிக் கம்பெனி, அந்நிய நாட்டுக் கப்பலை வாங்க நேர்ந்தது ஏன்?

இந்நாட்டாருக்குக் கப்பல் கட்டத் தெரியாது என்று எவரேனும் கூறின் அது பொய். சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரும் அவர் வழிவந்தோரும் நூறாண்டுக்கும் மேலாக அங்கே கப்பல் கட்டினர். மலையாளத்துத் தேக்கினால் 1817-இல் அவர்கள் கட்டி மிதக்கவிட்ட போர்க்கப்பலொன்றுக்கு நந்தமிழ்த் திருகோணமலையின் பெயரே, ஆங்கில உச்சரிப்பில் 'டிரிங்கமாலி' என்று, சூட்டப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்து கொண்டிருக்கிறது! ஈழத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, அது 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின் கெட்டது எவ்வாறு? இந்தியாவிற் கட்டிய வணிகக் கப்பல்கள் சரக்கேற்றிக்கொண்டு இலண்டன் துறையை அடைந்தபோது, தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டுவோர் தங்கள் பிழைப்புப் போயிற்றெனக் கூக்குரலிட்டனர். 1815-ஐ ஒட்டி வந்த சட்டங்கள், இந்திய மாலுமிகளைப் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கணக்கிட மறுத்தன. இந்தியக் கப்பலில் வரும் பொருளுக்கு மிகுதியான வரியும் விதித்தன. சில பத்தாண்டுகளில் மரம் போய் இரும்பும், பாய் போய் நீராவியும் வந்தன. இரும்பும் நிலக்கரியும் அவர்களிடமிருந்தன, அரசும் அவர்களுடையதே. நம்மவர் தோணி கட்டுவதோடு நின்றனர். தூத்துக்குடித் தோணிகள் அதன்பின்னும் நெடுங்காலம் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றன என்பது வேறு. ஆகவே, வ. உ. சி. அவர்கள் நீராவிக் கப்பல் தேடிய காலத்தில், விற்பதற்கு இங்கே எவரிடமும் அது இல்லை. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

பெங்களூர்வாசிகளாகிய நமக்கு அடுத்த கட்டம் சுவையானது. 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு இங்கே விமானத் தொழிற்சாலையைத் தொடங்கிய வால்சந்த் ஹீராசந்த் அவர்களே, சிந்தியா கம்பெனியின் சார்பில் விசாகப்பட்டினத்தில் கப்பல் தளமும் அமைத்தார். 1941 ஜூன் 21-இல் இராஜேந்திர பிரசாத் அவர்கள் அதற்கு அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டே ஜப்பானியர் அந்நகரின்மீது குண்டு வீசினர். ஆயினும் 1948 மார்ச் 14-இல் 'ஜல உஷா' என்னும் கப்பலை நேரு அவர்கள் கடலில் இறக்கிவைத்தார். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. விசாகையில் ஆகும் செலவு பிரிட்டனின் விலையினும் மிகுதியாயிருந்தமையால், வேறுபாட்டை அரசே கொடுக்க வேண்டியதாயிற்று. 1952-இல் பெரும்பங்கும் 1961-இல் முழுவதும் அரசின் கைக்கு வந்தன. 2010-இல் அத்தளம் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது.

செலவு ஏன் மிகுந்தது? இதை நாம் விளங்கிக்கொண்டது பெரம்பூரைக் கொண்டுதான். 1955-இல் தொடங்கிய அவ்விரயில் பெட்டித் தொழிற்சாலை இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்துள்ளது. வாங்குவோர் நம் இரயில்வே. ஆண்டு தவறாது ஆர்டர் உண்டு. ஒரே வகைப் பெட்டியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது நூறாவது பெட்டிக்கு ஆகும் நேரம் முதற்பெட்டிக்கு ஆனதிற் குறைந்துவிடும். கப்பலும் அவ்வாறே. இன்று கப்பலைப் பெரும் பெரும் துண்டங்களாகக் கூரையின் கீழ்ச் செய்து, பின் தளத்தில் அடுக்கிப் பற்றவைக்கின்றனர். வரிசையாக ஒரே மாதிரிக் கப்பல்கள் வந்தாலன்றி இம்முறையில் இலாபமில்லை. ஒரு கப்பல் முடிந்து மறு கப்பலுக்குக் காத்திருக்கும் தளத்தில் சம்பளம் மட்டும் தவறாது போய்க்கொண்டிருக்கும்.

ஜப்பானியர் இதை உணர்ந்தனர். போரில் தோற்றுக் கிடந்த அந்நாட்டரசு, 1947 முதல் தன் கப்பல் முதலாளிகளுக்குத் திட்டமிட்டுக் கடன் கொடுத்து, உள்நாட்டுத் தளங்களிலேயே ஆண்டுதோறும் கப்பல் கட்டச் செய்தது. 1956-இல் ஜப்பான் பிரிட்டனை முந்திற்று. 1890-களில் உலகக் கப்பல்களில் ஐந்தில் நான்கு பங்கைக் கட்டிய நாடு பிரிட்டன்! பழைய தளங்களையும் பழைய முறைகளையும் அது விட்டு நீங்கவில்லை.

தென்கொரியாவின் செயலோ இன்னும் வியப்புக்குரியது. 1972-இல் உல்சான் கடற்கரையில் சுங் ஜூ யுங் என்பார் தளத்தையும், கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவருக்கான இரு பெரும் எண்ணெய்க் கப்பல்களையும் ஏககாலத்திற் கட்டத் தொடங்கினார். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. வாங்க ஒப்பியவர்கள் பின்வாங்கினர். மூன்று கப்பல்கள் தலையில் விழுந்தன. அவரோ அம்மூன்றையும் கொண்டு 1976-இல் சொந்தக் கப்பற்கம்பெனியே தொடங்கிவிட்டார். நாட்டுக்கு வரும் எண்ணெயை நாட்டுக் கப்பல்களே சுமக்க வேண்டுமென்று அரசும் துணைநின்றது. வ. உ. சி. அவர்களுக்கு வாய்த்த அரசையும் இவருக்கு வாய்த்த அரசையும் ஒப்பிட்டுப் பார்த்து நாம் பெருமூச்செறிந்தோம். சுவீடன் நாட்டு மால்மோ நகரத் தளம் மூடியபின், அங்கு நின்ற மாபெரும் பாரந்தூக்கியை 2002-இல் ஒரே டாலர் விலைக்கு வாங்கிச் சென்றதும் இவ்வுல்சான் தளமே.

இன்று சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளே உலக வணிகக் கப்பல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கட்டுகின்றன. நம் பங்கு நூற்றில் ஒன்றும் இல்லை.

வாரம் கழிந்து நண்பரிடம், தொழில் நிலைக்குமென்று உறுதி கூற நம்மால் இயலாது என்று ஒளிக்காமல் சொன்னோம். கொச்சித் தளம் விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டி 2022-இல் கடற்படையிற் சேர்த்தது. ஆதலின் கல்வி வீண்போகாது என்றும் சொன்னோம். அவர் பணம் கட்டினார். பையனைக் கண்டோன்மெண்ட் நிலையத்தில் இருவருமாக வண்டியேற்றி வந்தோம்.

செப்டம்பரில், கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. அதே மாதம் தூத்துக்குடியில் கப்பல் தளங்கள் அமைக்க, கொச்சித் தளமும் மசகான் தளமும் தமிழ்நாட்டோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. நண்பர் நாளிதழோடு படிப்பகத்துக்கு ஓடிவந்தார். வ. உ. சி. அவர்களின் ஊர் அன்றோ! மகிழ்ச்சி அடங்கியபின், "அண்ணா, தளம் வரட்டும். கப்பலுக்கு ஆர்டர் யார் கொடுத்திருக்கிறார்கள்?" என்றார். செய்தியை இருவரும் மறுபடி முதலிலிருந்து படித்தோம். அதில் அது இல்லை.