தனுஷ்கோடி: கடல் கொண்ட துறை, நாம் கரையேறிய மணல்

எம்மிற் பலருக்குத் தனுஷ்கோடி என்பது நள்ளிரவில் வள்ளத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு மணற்கரை. விடிந்தபோது கண்ணிற்பட்டவை கூரையற்ற தேவாலயச் சுவர்களும் இடிந்த புகையிரத நிலையமுமே. அவ்விடிபாடுகளின் கதையைக் கேட்க அன்று எமக்கு அவகாசம் இருக்கவில்லை. இன்று எமது பிள்ளைகள் கேட்கின்றனர். அவர்களுக்காக இதனை எழுதுகின்றோம்.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி இரு நாடுகளின் வாசலாயிற்று. சென்னையிலிருந்து புகையிரதத்தில் வருவோர் அங்கே கப்பலேறி, ஏறத்தாழ 20 மைல் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகையிரதத்திற் கொழும்பு சென்றனர். வணிகரும் யாத்திரிகரும் மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும் நடந்த வழி அதுவே.

1964 மார்கழி நடுப்பகுதியில் அந்தமான் கடலின் தென்பகுதியில் ஒரு தாழமுக்கம் உருவாயிற்று. அது சூறாவளியாக வலுத்து மேற்கே நகர்ந்து, 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்தது. திருகோணமலையும் மன்னாரும் சேதமுற்றன. அன்றிரவே அது தனுஷ்கோடியைத் தாக்கியது.

சூறாவளி கரையைத் தொடும்போது பெரும்பாலும் உயிர்களைக் கொள்வது காற்றன்று. காற்றுத் தள்ளிவரும் நீரேயாகும். ஆழ்கடலில் அவ்வாறு தள்ளப்படும் நீர் கீழிறங்கிப் பரவிவிடும். ஆழங்குறைந்த கரைக்கடலில் அதற்கு இடமில்லை. ஆகவே அது மேலெழுந்து நிலத்தின்மீது ஏறுகின்றது. பாக்குநீரிணைப் பக்கக் கடல் ஆழங்குறைந்தது. தனுஷ்கோடியோ இரு கடல்களுக்கிடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பு. நீரைத் தடுக்க அங்கு எதுவுமில்லை. மக்கள் ஓடி ஏற ஒரு மேடுமில்லை.

பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் புகையிரதம் அவ்வேளை தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. கடல் அதனை முழுமையாக விழுங்கியது. அதிலிருந்த 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரமும் துறையும் அழிந்தன. அச்சூறாவளியில் மாண்டோர் தொகை ஏறத்தாழ 1,800 எனக் கணக்கிடப்பட்டது. பாம்பன் பாலத்தின் இரும்புத் தளங்களிற் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரின் பொறுப்பில் அப்பாலம் 46 நாட்களிற் செப்பனிடப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிக்கு அவ்வாறு மறுவாழ்வு கிட்டவில்லை. அது மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. புகையிரதப் பாதை இராமேஸ்வரத்துடன் நின்றது. கப்பற்சேவையும் அங்கே மாற்றப்பட்டது.

இங்கே இன்னொரு செய்தியையும் நாம் மறத்தலாகாது. சூறாவளிக்கு இரண்டு மாதங்களுக்குள் முன்னர், 1964 ஐப்பசி 30ஆம் திகதி, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அதன்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. முன்னோர் தனுஷ்கோடியிற் கப்பலேறிச் சென்றிருக்க, பேரப்பிள்ளைகளிற் பலர் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர்.

அக்கப்பற்சேவையும் 1984இல் நின்றது. புயல் துறையை இடம் மாற்றியது. போர் அதனை மூடியது. பயணச்சீட்டோடு கடந்த கடலைப் பின்னர் எம்மவர் உயிரைப் பணயம் வைத்து மீன்பிடி வள்ளங்களிற் கடந்தனர். பொருளாதாரம் வீழ்ந்த 2022இலும் பசியுற்ற குடும்பங்கள் அதே மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டன.

மக்கள் வாழத் தகுதியற்றதென ஓர் அரசு கைவிட்ட மணலே எமக்கு முதற் புகலிடமாயிற்று. அந்த இரவிற் கடல் கொண்டோரில் எத்தனையோ பேருக்குக் கல்லறை இல்லை. பின்னாளில் வள்ளங்கள் கவிழ்ந்து மாண்ட எம்மவர் பலருக்கும் இல்லை. எமது வீடுகளில் அக்கரையைப் பற்றிப் பேசும்போது இரு சாராரையும் சேர்த்தே நினைவுகூர்வோம்.