உப்பிய மின்தேக்கிகளும் மாற்றப்பட்ட பலகைகளும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ‘புத்தூர்’ என்றதும் அடுத்து நாவில் வரும் சொல் ‘கட்டு’. எலும்பு முறிந்தவர்களைத் தமிழ்நாட்டிலிருந்தும் அங்கே அழைத்துச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. ‘கட்டு’ என்பது தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சொல்லாதலால், இரு மொழியினரும் அம்மருத்துவத்தை ஒரே பெயரால் அழைக்கின்றனர். பச்சிலையும் மூங்கில் தப்பையும் துணியும் அதில் பின்னர் வருபவை. கையால் தடவி முறிவின் இடத்தை அறிவதே முதல் வேலை.

கணினிப் பழுதுநீக்கத்தின் வரலாற்றில் இந்த முதல் வேலை பெருமளவில் தவறிப்போன காலம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை நீண்ட அக்காலத்தை ‘மின்தேக்கிக் கொள்ளைநோய்’ என்று குறிப்பிடுவர். பாகத்தை மாற்றிய பின்னும் ஒரு கணினி ஏன் ஓயாமல் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது என்ற கேள்விக்கு, அக்கால ஆவணங்களில் தெளிவான விடை கிடைக்கிறது.

கணினியின் தாய்ப்பலகையில் செயலியைச் சுற்றிச் சிறு உருளைகளாக நிற்பவை மின்தேக்கிகள், கடைத்தெருவில் கெபாசிட்டர். மின்வழங்கி தரும் 12 வோல்ட் மின்னழுத்தம், செயலிக்கு வேண்டிய ஒன்று அல்லது ஒன்றரை வோல்ட்டாகக் குறைக்கப்படும்போது உண்டாகும் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது அவற்றின் பணி. ஏரி மழைநீரைத் தேக்கிச் சீராக மதகு வழியே விடுவதைப் போன்றது அது. உள்ளிருக்கும் மின்பகு திரவத்தின் கலவை பிசகினால் அலுமினியத் தகடு அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு உண்டாகும். உருளையின் தலை உப்பும். இறுதியில் பழுப்பு நிறத்தில் கசியும். அதன் பிறகு, செயலிக்கு வேலை கூடும் நொடியில் மின்னழுத்தம் சரியும். கணினி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

2002, 2003ஆம் ஆண்டுகளில் இப்பழுது வெளிச்சத்துக்கு வந்தபோது ஒரு கதையும் உடன் பரவியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் திரவக் கலவைக் குறிப்பு அரைகுறையாகத் திருடப்பட்டுத் தைவான் ஆலைகளுக்குச் சென்றது என்பதே அக்கதை. அது நிறுவப்படவில்லை. அதோடு, மிகப் பெரிய நிகழ்வை அது விளக்கவுமில்லை. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் பழுதானவை ஜப்பானின் நிச்சிகான் நிறுவனத்தின் மின்தேக்கிகள்.

மே 2003 முதல் ஜூலை 2005 வரை டெல் அனுப்பிய 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இவ்வகைப் பழுதுக்கு ஆட்படக்கூடியனவாக இருந்தன. அட்வான்ஸ்டு இன்டர்நெட் டெக்னாலஜீஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2007இல் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளியானபோது இரண்டு செய்திகள் தெரியவந்தன. பழுதுற்ற பலகைகளுக்கு மாற்றாக அனுப்பப்பட்ட பலகைகள் சிலவற்றிலும் அதே மின்தேக்கிகள் இருந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத்துறை முறையிட்டபோது, கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கணினிகளை அளவுக்கு மீறி வருத்தியதே காரணம் என்று விடையளிக்கப்பட்டது. கணக்கிடுவதற்கென்றே உருவான பொறி, கணக்கிட்டதனால் கெட்டது என்பது அவ்விடையின் பொருள். சீர்செய்யும் செலவுக்கென டெல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

இக்குழப்பத்துக்கு மென்பொருளும் துணைசெய்தது. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, கடும் பிழை நேர்ந்தால் தானாகவே மீண்டும் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பிழைக்குறியீட்டைத் தாங்கிய நீலத்திரை கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். அவ்வமைப்பை நிறுத்திவைத்த பிறகே கணினி தன் குறையைச் சொல்லத் தொடங்கும். நீலத்திரையே தோன்றாமல் கணினி அணைந்து தொடங்குமானால், ஐயம் பெரும்பாலும் மின்வழங்கி, வெப்பம், மின்தேக்கி ஆகியவற்றின் மீது திரும்ப வேண்டும்.

பாகம் மாற்றப்பட்டது என்பது பழுது நீங்கியதற்குச் சான்று ஆகாது. அது ஒரு கருதுகோள் மட்டுமே. புதிய வரைகலை அட்டை பழைய மின்வழங்கியின் திறனுக்கு மேல் மின்சாரம் கேட்கலாம். புதிய செயலியின் மேல் வெப்பநீக்கி சரியாகப் படியாமல் இருக்கலாம். புதிய நினைவகம் பலகையோடு பொருந்தாமல் போகலாம். டெல் நிகழ்வில் கண்டதுபோல், புதியதே பழைய நோயைச் சுமந்து வரலாம். ஆகவே பழுதுநீக்குவோர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பர். மாற்றியதைக் கழற்றிப் பழையதைப் பொருத்தியும் பார்ப்பர். பலகையைத் திறந்து உருளைகளின் தலையைக் கண்ணால் காண்பதும் இதில் அடங்கும். உப்பிய மின்தேக்கிகளைச் சூட்டுக்கோலால் எடுத்துவிட்டுப் புதியன பற்றவைத்த சிறு கடைக்காரர்கள், முழுப் பலகையையே மாற்றியவர்களைவிட நோயின் இடத்தை நெருங்கியிருந்தனர்.

புத்தூர் இன்று அடங்கியுள்ள திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீசிட்டியும் ரேணிகுண்டாவும் மின்னணுத் தொழிற்களங்களாகிவிட்டன. ஸ்ரீசிட்டியில் பாக்ஸ்கான் 2015இலேயே கைபேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. கருவிகளைச் செய்யும் ஊர்களுக்கும் வாங்கும் ஊர்களுக்கும் அந்த வழக்கின் ஆவணங்கள் பொதுவான பாடம். பழுது எங்கே என்று தேடும்போது பயனரின் முறையீடும் ஒரு சான்று. அதனைப் புறந்தள்ளியபோது கணிதத்துறையினர் குற்றவாளிகளாயினர். கெட்ட மின்தேக்கிகளோ மாற்றுப் பலகைகளில் ஏறி மீண்டும் பயணம் செய்தன.