ஒன்று ஓடியது, எட்டு எரிந்தது

2012-ல் மதுரையில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் நம்ம பக்கம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலே. எந்தத் தெருவுக்குப் போனாலும் இன்வெர்ட்டர் பேச்சுதான்.

அப்போது சித்தப்பா பட்டறையில் நானும் சேர்ந்து ஒரு இன்வெர்ட்டர் செய்தோம். மேசை மேல் ஒரு வாரம் சும்மா ஜம்முன்னு ஓடியது. அந்த நம்பிக்கையில் பத்து செய்து தெரிந்தவர்களுக்கே விற்றோம். இரண்டே மாதத்தில் எட்டு திரும்பி வந்தது. எட்டிலும் மாஸ்ஃபெட் வெடித்திருந்தது.

"சர்க்யூட்ல எங்கயோ தப்பு பண்ணிட்டடா" என்றார் சித்தப்பா. சர்க்யூட்டில் தப்பில்லை. மேசை மேல் இருந்தபோது வயர் ஒரு முழம். பெட்டிக்குள் அழகாக அடுக்கியபோது அது மூன்று முழம் ஆகிவிட்டது. வயரில் ஓடும் கரண்டை மாஸ்ஃபெட் சட்டென்று நிறுத்தினால் அது சும்மா நிற்காது. ஒரு கணம் வோல்டேஜை எகிற வைக்கும். வயர் நீள நீள, கரண்ட் கூடக் கூட அந்த எகிறல் பெரிதாகும். எங்கள் மாஸ்ஃபெட் தாங்குவது 55 வோல்ட். நாங்கள் சோதித்தது நூறு வாட் பல்பை வைத்து. ஜனங்கள் மாட்டியது மிக்ஸி. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அவ்வளவுதான், டப்!

வயரைக் குறைத்து, போர்டுக்குப் பக்கத்திலேயே கெப்பாசிட்டர் போட்டு எட்டையும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தோம். லாபம் போனது மட்டுமில்லை, சித்தப்பா அதற்கப்புறம் இன்வெர்ட்டர் பக்கமே போகவில்லை.

சரி, இப்போது ஏன் இந்தப் பழங்கதை? மதுரையிலிருந்து பெங்களூருக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. அதில் போகும்போதெல்லாம் சித்தப்பா ஞாபகம்தான் வருகிறது. நம்ம காலுக்குக் கீழே இருப்பதும் கன்வெர்ட்டர்தானே. மேலே கம்பியில் வரும் 25,000 வோல்ட் ஏசியை டிரான்ஸ்ஃபார்மரில் குறைத்து, டிசி ஆக்கி, அதை மறுபடி மூன்று ஃபேஸ் ஏசி ஆக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. சாதாரண ரயிலில் இதெல்லாம் எஞ்சினுக்குள் பத்திரமாக இருக்கும். இதில் தனி எஞ்சின் கிடையாது. எல்லாம் பெட்டிகளுக்கு அடியில், தண்டவாளத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்குகிறது.

முதல் வண்டியின் பெயர் 'டிரெய்ன் 18'. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில், சுதான்ஷு மணி பொது மேலாளராக இருந்தபோது, சுமார் 18 மாதத்தில் உருவாகி 2018 அக்டோபரில் வெளியே வந்தது. டிசம்பரில் கோட்டா பக்கம் நடந்த சோதனையில் 180 கி.மீ. வேகத்தைத் தொட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று டெல்லியில் கொடியசைத்தார்கள். மறுநாள் விடிகாலை, வாரணாசியிலிருந்து திரும்பும் வழியில், டுண்ட்லா அருகே நின்றுவிட்டது! கடைசிப் பெட்டிகளில் புகை, மின்சாரம் போனது என்று செய்திகள் வந்தன. பெட்டிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பு அறுந்திருக்கிறது, மாடு அடிபட்டது காரணமாக இருக்கலாம் என்றது ரயில்வே.

சோதனை அட்டவணையில் வேகம் இருக்கும், பிரேக் இருக்கும். மாடு இருக்குமா? எங்களுக்கு மிக்ஸி, அவர்களுக்கு மாடு.

அந்த வடிவத்தில் இரண்டாவது வண்டி 2019 அக்டோபரில் கத்ராவுக்கு ஓடியது. பிறகு டெண்டர் ரத்து, மறு டெண்டர் என்று இழுத்து, 2021 ஜனவரியில்தான் 44 வண்டிகளுக்கான மின்சாதன ஆர்டர் ஹைதராபாத்தின் மேதா நிறுவனத்துக்குப் போனது. மூன்றாவது வண்டி காந்திநகர்–மும்பை தடத்தில் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. என்ன மாறியிருந்தது என்று தேடியபோது எனக்குப் பிடித்த வரி வேகத்தைப் பற்றியது இல்லை. அடியில் இருக்கும் மின்சாதனங்கள் முன்பு 400 மி.மீ. வெள்ளம் வரை தாங்கும். இப்போது 650 மி.மீ. மழை பெய்தால் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும் ஊரில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த எண் முக்கியமாகத் தெரியும். ஆனால் மாடு விடவில்லை. புது வண்டி ஓட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகாத அக்டோபர் 6 அன்று, அகமதாபாத்தின் வட்வா அருகே எருமைகள் மீது மோதி முன்மூக்கு உடைந்தது.

கடைசியாக ஒன்று. எங்களுடைய பத்தில் திரும்பி வராத இரண்டு இன்வெர்ட்டர்கள் என்ன ஆயின? அவை மட்டும் நன்றாகச் செய்யப்பட்டவை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு விசாரித்தால், அந்த இரண்டு வீட்டிலும் மாட்டியிருந்தது வெறும் பல்புதான்.